முதற்படியை இகழலாகாது



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

நான் ஆலிமல்லன். சுங்கை பெசாரில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவன். உலமாப் பெருமக்களிடம் கேட்டறிந்ததையும், கடைத்தெருவில் கண்டறிந்ததையும் சேர்த்துச் சில வார்த்தைகள் சொல்லும்படி நம் சங்கத்தார் பணித்தார்கள். பிழையிருப்பின் பொறுத்தருளுங்கள்.

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் நம் ஊரில் நடப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். நல்ல முடிவு பெற்ற பிள்ளையின் அத்தா அன்று முழுவதும் கடை வாசலிலேயே நிற்கிறார். முடிவு குறைந்த பிள்ளையின் அத்தாவோ கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை. யாராவது கேட்டால், "பையன் இனிக் கடையைப் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார். அந்த ஒரு சொல்லோடு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் படிப்பு முடிந்துபோகிறது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டவர் யாருமில்லை.

கடை பார்ப்பது இழிவா? ஒருக்காலும் இழிவன்று. நம் நாயகம் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். உண்மையும் நாணயமும் உள்ள வணிகர் மறுமையில் நபிமார்களோடும் உண்மையாளர்களோடும் இருப்பார் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. கடை இழிவென்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையின் மீது மனம் உடைந்து, வேறு வழியில்லை என்று எண்ணி, அவனைக் கடைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் தவறு. வேறு வழி இருக்கிறது. அந்த வழியின் வாசல் சிறியதாக இருப்பதால் நாம் அதை மதிப்பதில்லை. அந்தச் சிறிய வாசலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சகோதரர்களே! நம் மார்க்கத்தின் முதற் கட்டளை "ஓதுவீராக" என்பது. அந்த ஓதல் எவ்வாறு வந்தது? திருக்குர்ஆன் முழுவதும் ஒரே இரவில் நாயகம் (ஸல்) அவர்களின் கைக்கு வந்து சேரவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளில், சிறிது சிறிதாக, சில வசனங்கள் இன்று, சில வசனங்கள் பிறிதொரு நாள் என்று இறங்கிற்று. மக்களுக்கு நிதானமாக ஓதிக் காட்டும் பொருட்டே அதைப் பகுதி பகுதியாக அருளியதாக அல்லாஹ்வே பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் கூறுகிறான். கல்வியைப் படிப்படியாகக் கொடுப்பதும் பெறுவதும் குறையென்றால், இறைவன் தன் வேதத்தை அவ்வாறு கொடுத்திருப்பானா? நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, சிறிதாயினும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்களும் நவின்றிருக்கிறார்கள்.

"படிப்பும் வேண்டும், பிழைப்பும் வேண்டும், இரண்டும் எப்படி நடக்கும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இது புதிய கேள்வியன்று. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்புறத்தில் குடியிருந்தார்கள். உழைத்தால்தான் உணவு என்ற நிலை. நாயகம் (ஸல்) அவர்களின் சபையிலோ நாள்தோறும் புதிய பாடம். அவர்கள் என்ன செய்தார்கள்? அண்டை வீட்டு அன்சாரித் தோழரோடு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அவர் சபைக்குப் போவார். அன்று கேட்டதையெல்லாம் மாலையில் இவர்களுக்கு வந்து சொல்வார். மறுநாள் இவர்கள் போவார்கள். அவர் வேலையைப் பார்ப்பார். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பாதி நாள் படிப்பு, பாதி நாள் பிழைப்பு! அப்படிப் படித்தவர்தாம் பிற்காலத்தில் உலகம் போற்றும் கலீபாவானார்கள்.

அவ்வளவு முயன்ற உமர் (ரலி) அவர்களுக்கே ஒரு வருத்தம் இருந்தது. அனுமதி கேட்டு ஒரு வீட்டினுள் நுழைவதைப் பற்றிய நபிமொழி ஒன்று தமக்குத் தெரியாமற் போனதைப் பின்னாளில் அறிந்தபோது, சந்தையின் கொடுக்கல் வாங்கல் தம் கவனத்தைத் திருப்பிவிட்டது என்று சபையறியச் சொன்னார்கள். வணிகர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். உமரையே சந்தை சற்றுத் திருப்பிற்று என்றால், நம் பிள்ளைகளை அது எவ்வளவு தூரம் திருப்பும்!

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஒரு திண்ணை இருந்தது. வீடு வாசல் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கே தங்கிக் கல்வி கற்றார்கள். நம் மக்கள் அவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்று அன்போடு அழைக்கிறோம். மாளிகையன்று, அது திண்ணை. அந்தத் திண்ணையிலிருந்துதான் அபூஹுரைரா (ரலி) எழுந்தார்கள். இன்று உலக முஸ்லிம்கள் அவர்கள் வாயிலாகக் கிடைத்த ஆயிரக்கணக்கான நபிமொழிகளை ஓதுகிறோம். திண்ணையில் படித்தார் என்பதற்காக அவர்களைக் குறைவாக எண்ணுபவர் யாரேனும் உண்டா?

சகோதரர்களே! இன்று நம் நாட்டில் அப்படியொரு திண்ணை இருக்கிறது. சமூகக் கல்லூரி என்பது அதன் பெயர். மலாய் மொழியில் கோலேஜ் கொமுனிட்டி என்கிறார்கள். 2001-ஆம் ஆண்டில் அரசாங்கம் சில கல்லூரிகளோடு இதைத் தொடங்கிற்று. இப்பொழுது நாடெங்கும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. நம் சபாக் பெர்னாம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய சமூகக் கல்லூரியும் உண்டு. அதைக் கடந்து எத்தனையோ முறை நாம் போயிருப்போம். உள்ளே போய் விசாரித்தவர்கள் எத்தனை பேர்?

எஸ்.பி.எம். தேர்வில் பெரும் புள்ளிகள் பெறாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதே இந்தக் கல்லூரிகளின் நோக்கம். மின்சாரம், குளிர்சாதனம், மோட்டார் வாகனம், கணினி, கணக்கு வைப்பு, ரொட்டி பலகாரத் தயாரிப்பு, தையல் என்று கைக்கு உதவும் படிப்புகள் ஊருக்கு ஊர் வெவ்வேறாக இருக்கின்றன. சான்றிதழ்ப் படிப்பு ஒன்றரை ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு. அதில் ஒரு பகுதி வெளியே தொழிலகத்தில் பயிற்சி. அரசாங்கக் கல்லூரியாதலால் கட்டணமும் நம் கைக்கு அடங்கியது. பெரும்பாலும் ஒரு பருவத்துக்குச் சில நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும்.

இத்தோடு படிப்பு முடிந்துவிடுகிறதா? இல்லை. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். சமூகக் கல்லூரிச் சான்றிதழை நல்ல புள்ளிகளோடு பெற்றவன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பாலிடெக்னிக்கும் தூரத்தில் இல்லை. சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் நம் மாவட்டத்திலேயே நிற்கிறது. டிப்ளோமாவிலிருந்து பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் வழி உண்டு. ஆகவே இது ஏணி. கீழ்ப்படியில் கால் வைத்தவனைப் பார்த்து, "நீ மாடியில் இல்லையே" என்று நகைப்பது எவ்வளவு அறியாமை!

நம் ஊரின் பெயரையே பாருங்கள். சுங்கை பெசார் என்றால் பெரிய ஆறு. ஆனால் செகிஞ்சானிலிருந்து சபாக் வரை பரந்து கிடக்கும் வயல்களுக்குப் பெரிய ஆறு நேராக வந்து பாய்கிறதா? பெர்னாம் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து, அதிலிருந்து சிறு கால்வாய்களில் பிரித்துவிட்டதால்தானே 1930-களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் இந்தச் சதுப்பு நிலத்தை நெல் விளையும் பூமியாக்கிற்று! ஆற்றோடு வந்த வெள்ளம் பயிரை அழிக்கும். வாய்க்காலில் வந்த நீர் பயிரை வளர்க்கும்.

இந்த முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் 1901-ஆம் ஆண்டு, உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்து, பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதலில் வந்த மாணவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரிலிருந்து தொடங்கிய ஏற்பாடு இன்று அந்த நாடு முழுவதும் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் முதற்படியாக இருக்கிறது. நம் தாயகத்திலும் 1995-ஆம் ஆண்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. அதன்பின் தமிழ்நாட்டிலும் பல இடங்களில் பரவிற்று.

கல்விக்கு வழி செய்வதில் வணிகர்களாகிய நம் முன்னோர் பின்வாங்கியவர்கள் அல்லர். திருச்சிராப்பள்ளி ஜமால் முகம்மது கல்லூரியைக் கேள்விப்படாதவர் நம்மில் யார்? 1951-ஆம் ஆண்டு அந்தக் கல்லூரி எழுந்தது. அதை நிறுவிய பெருமை சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிப் அவர்களுக்கும், திருச்சி காஜாமியான் ராவுத்தர் அவர்களுக்கும் உரியது. அவர்கள் தராசு பிடித்த கையால்தான் கல்லூரிக்கு அடிக்கல் நட்டார்கள். நமக்கோ அந்தச் சிரமம்கூட இல்லை. கல்லூரியை அரசாங்கம் கட்டி வைத்துவிட்டது. பிள்ளையை அனுப்புவது ஒன்றுதான் நம் வேலை.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிறர் பிள்ளைக்குப் பயன்படும் என்றால் என் கூச்சம் பெரிதன்று.

என் மூத்த மகனுக்கு எஸ்.பி.எம். முடிவு நடுத்தரம். கடைத்தெருவில் என் பெயர் தாழ்ந்துவிடும் என்று நான் அஞ்சினேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமன்று. குற்றம் கல்லூரியுடையதன்று, என்னுடையது. அவனுக்கு அந்தப் பாடத்தில் விருப்பமா என்று நான் கேட்கவே இல்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டினேன். வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் மேலே. அவனுக்குப் பாடம் எட்டவில்லை. சொன்னால் அத்தா மனம் நோகும் என்று சொல்லாமலே இருந்தான். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவன் தாயார் சமைத்ததை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடன் அடைய ஆறு ஆண்டுகள் பிடித்தன. கடன் சுமையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிப் பிரார்த்தித்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இளையவனுக்கு முடிவு அதைவிடக் குறைவு. "கல்லாவில் உட்கார்" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. அவன் தாயார்தான் கேட்டார்: "ஒருவனைத் தகுதிக்கு மேலே ஏற்றினீர்கள். இன்னொருவனைத் தகுதிக்குக் கீழே இறக்கப் போகிறீர்களா?" எனக்குப் பதில் இல்லை. சமூகக் கல்லூரியில் குளிர்சாதனத் தொழில் படிக்கச் சேர்ந்தான். பாடம் முடிந்து வந்து மாலையில் கடையிலும் நின்றான். ஒருநாள் நம் கடையின் ஐஸ்பெட்டி பழுதாயிற்று. ஆளைக் கூப்பிடப் போனேன். "இருங்கள் அத்தா" என்று சொல்லித் தானே பிரித்து, தானே பூட்டினான். பெட்டி ஓடிற்று. அன்று அவன் முகத்தில் நான் கண்ட ஒளியை அதுவரை கண்டதில்லை. பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, இப்போது சொந்தக் காலில் நிற்கிறான். அல்ஹம்துலில்லாஹ்.

மூத்தவனும் உழைத்துப் பிழைக்கிறான்; நல்ல பிள்ளை. ஆனால் இன்றும் படிப்புப் பேச்சு எழுந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான். அந்தக் காயம் என் கையால் ஏற்பட்டது. உங்கள் கையால் உங்கள் பிள்ளைக்கு அது ஏற்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

சிலர் கேட்கலாம்: "பிள்ளை கல்லூரிக்குப் போனால் கடையை யார் பார்ப்பது?" உள்ளூர்க் கல்லூரியாயின் அவன் மாலையில் வீட்டில் இருப்பான், விடுமுறையில் கடையில் இருப்பான். உமர் (ரலி) அவர்கள் வைத்த முறையை நாமும் வைக்கலாம். இன்னொன்றும் சிந்தியுங்கள். இன்றைய கடை நம் வாப்பா, அத்தா காலத்துக் கடையன்று. 2015-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. வரி வந்தது. 2018-இல் அது போய் எஸ்.எஸ்.டி. திரும்பிற்று. 2024 ஆகஸ்டு முதல் மின் விலைப்பட்டியல் முறையைப் பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிட்டைப் புத்தகமும் மனக்கணக்கும் இனிப் போதா. படிக்காத மகனிடம் கடையைக் கொடுப்பது, ஓட்டத் தெரியாதவனிடம் லாரியைக் கொடுப்பது போலாகும்.

"பெண்பிள்ளையை எப்படித் தூரத்துக்கு அனுப்புவது?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை. வீட்டிலிருந்து போய் வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் கல்லூரி இருக்க, நம் பெண்மக்களின் கல்வியை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்துவதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறோம்? கல்வி தேடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கடமையாக்கியபோது பெண்களை விலக்கி வைக்கவில்லை.

"சமூகக் கல்லூரியில் படிக்கிறான் என்றால் சம்பந்திகள் மதிப்பார்களா?" இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இதுதான் இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வோடு பேசும் பேறு பெற்ற நபி. தமக்குத் தெரியாத ஒன்றைக் கற்க வேண்டி, ஹிள்ர் (அலை) அவர்களைத் தேடி நெடுந்தூரம் நடந்து, பின்தொடர்ந்து வரலாமா என்று பணிவோடு கேட்டார்கள். கஹ்பு அத்தியாயத்தை வெள்ளிதோறும் ஓதுகிறோம். நபியே பணிந்த இடத்தில் நம் கௌரவம் நிமிர்ந்து நிற்கலாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நல்ல முடிவு பெற்ற பிள்ளைக்கு ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ பொருத்தமாக இருக்கலாம். அவனை இங்கே தள்ள வேண்டியதில்லை. சேருமுன் மூன்று கேள்விகளைக் கல்லூரியில் நேரில் கேளுங்கள். இந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புகள் உண்டு? இந்தச் சான்றிதழை எந்தப் பாலிடெக்னிக்கில், எந்த டிப்ளோமாவுக்கு ஏற்றுக்கொள்வார்கள்? அதற்கு எவ்வளவு புள்ளிகள் வேண்டும்? சரக்கு வாங்குமுன் பத்துக் கடை விசாரிக்கும் நாம், பிள்ளையின் வாழ்வுக்கு ஒரு கல்லூரியில் விசாரிக்கக் கூடாதா? உயர்கல்வி அமைச்சின் யு.பி.யு. விண்ணப்பத்துக்குக் கெடு உண்டு. கெடு தவறினால் பிள்ளையின் காலம் வீணாகும்.

கடைசியாக ஒரு செய்தி. இது முதலாளிமார்களுக்கு.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரத்துத் துணி வணிகர். அவர்களுடைய பாட வட்டத்துக்கு அபூயூசுப் என்ற ஏழைப் பையன் வந்துகொண்டிருந்தான். வேலைக்குப் போகாமல் பாடத்தில் உட்கார்ந்துவிடுகிறானே என்று வீட்டார் வந்து அவனை இழுத்துப்போவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! இமாம் அவர்கள் விஷயத்தை அறிந்து, தம் வணிக வருவாயிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் பணம் கொடுத்தார்கள். தீர்ந்தபோது மீண்டும் கொடுத்தார்கள். படிப்பைத் தொடரச் சொன்னார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் கலீபா ஹாரூன் ரஷீது காலத்தில் பேரரசின் தலைமைக் காஜியாகி, அரசாங்க வரிமுறையைப் பற்றிக் கிதாபுல் கராஜ் என்ற நூலையும் எழுதினார்கள். ஒரு வணிகரின் கல்லாவிலிருந்து சென்ற சில திர்ஹம்கள் ஒரு பேரரசுக்கு நீதிபதியைக் கொடுத்தன.

நம் கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டங்களை விட்டு வந்து கம்பத்தில் குடியேறிய குடும்பங்களில் படிக்க ஆசையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல நேரங்களில் தடையாக இருப்பது பெருந்தொகையன்று. முதற் பருவக் கட்டணம், ஒரு பஸ் கட்டணம், விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருவர், அவ்வளவுதான். தகுதியுள்ள நம் மாணவர்களுக்குச் சிலாங்கூர் ஜக்காத் வாரியத்தின் கல்வி உதவியும் இருக்கிறது; கேட்கத் தெரியாததால் கிடைக்காமற் போகிறது. ஒவ்வொரு முதலாளியும் ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு முதற் பருவத்தின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்த வரவை எழுதுவதற்குப் பேரேடு நம்மிடம் இல்லை. அது அல்லாஹ்விடம் இருக்கிறது. மனிதன் இறந்தபின் அவன் செயல்கள் அற்றுப்போகின்றன, மூன்றைத் தவிர என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அந்த மூன்றில், நிலைத்து நிற்கும் தருமமும் பயன்தரும் கல்வியும் இருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே சகோதரர்களே! அடுத்த முறை தேர்வு முடிவு வரும்போது, முடிவு குறைந்த பிள்ளையின் அத்தா கல்லாவின் பின்னால் ஒளிய வேண்டாம். பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். மறுநாள் ஒரு மணி நேரம் கடையைப் பிறர் பார்க்கட்டும். அவனைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் விசாரியுங்கள். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வாயாக! அவர்கள் முதற்படியில் கால் வைக்கும்போது கைகொட்டி நகைப்பவர்களாக அன்றி, கைபிடித்து ஏற்றுபவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் வணிகத்தில் பரக்கத்தையும், எங்கள் வீடுகளில் மன அமைதியையும் தந்தருள்வாயாக! எங்கள் அறியாமையால் மனம் நொந்த பிள்ளைகளின் உள்ளங்களுக்கு நீயே மருந்தாவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.